ஆட்டோகேட் நின்றுபோனால்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழிமுறை

ஆட்டோகேட் என்பது ரிமோட்டை அழுத்தினால் மோட்டார் திறந்து மூடும் வீட்டுக் கேட். அதைச் சொந்தக் கையால் பொருத்திய வீடுகளில், கேட் நின்றுபோன அன்று முதல் சந்தேகம், மோட்டாரை இயக்கும் மின்பலகையான போர்டு மேல் விழும். அடுத்தது மோட்டார் மேல். கதவை யாரும் சந்தேகப்படுவதில்லை. மோட்டார் என்பது கதவைத் தள்ளும் ஓர் ஆள், அவ்வளவுதான். கதவு கனத்துப்போனால் அந்த ஆள் திணறுவான். திணறலைக் கண்ட போர்டு உடனே நிறுத்திவிடும். அதன் வேலையே அதுதான். அது புரியாமல் நல்ல போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசுக்குப் பணம் கட்டுகிறோம்.

ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் பார்க்கும் வரிசை இதுதான்: கதவு, கரண்டு, வயர், சென்சார், ரிமோட், கடைசியில் போர்டு. கீழே சொல்வது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் அதிகம் இருக்கும் வகைக்கு, அதாவது 12 அல்லது 24 வோல்ட் டிசி மோட்டார், ஆர்ம் (மோட்டாரையும் கதவையும் இணைக்கும் இரும்புக் கை) வைத்துத் தள்ளும் இரட்டைக் கதவுக்கு. ஸ்லைடிங் கேட்டுக்குக் கடைசியில் தனியாகச் சொல்லியிருக்கிறது.

கை வைக்கும் முன்

பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. பெட்டிக்குள் பேட்டரி இருக்கிறது, அதன் சிவப்பு வயரையும் கழற்றுங்கள். ஆர்ம் மூட்டில் உங்கள் விரல் இருக்கும்போது வீட்டுக்குள் பிள்ளை ரிமோட்டை அழுத்தினால், விரலை நசுக்கப் பேட்டரி ஒன்றே போதும். ரிமோட்டுகளை எல்லாம் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

டிரான்ஸ்பார்மருக்குப் பிறகு வரும் 12, 24 வோல்ட் பக்கம் உங்கள் வேலை. அதற்கு முன்னே இருக்கும் 230 வோல்ட் வயரிங், மலேசிய எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்ற வயர்மேன் செய்ய வேண்டியது. கேட் முழுக்க இரும்பு, தரை மழையில் ஊறியது, தொடுகிறவர் பெரும்பாலும் செருப்பில்லாத பிள்ளை. டிரான்ஸ்பார்மர் பெட்டியைப் போர்ச்சுக்குள் வைத்துவிட்டு, தூணுக்குத் தாழ்ந்த வோல்ட் வயரை மட்டும் கொண்டுபோவதுதான் எப்போதும் பாதுகாப்பு.

தேவைப்படும் சாமான் அதிகமில்லை: ஒரு மல்ட்டிமீட்டர், கொக்கியில் மாட்டி நிறுக்கும் சின்னத் தராசு, ரசமட்டம், 10 ஆம்பியர் பியூஸ் கோத்த இரண்டு வயர், ஆர்மை விடுவிக்கும் சாவி. இந்தச் சாவி தொலைந்துபோன வீடுகள் பல. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டுக்கு வெளியே எட்டும் இடத்தில் வையுங்கள். கரண்டில்லாத நேரத்தில் நீங்கள் ரோட்டில் நிற்க நேர்ந்தால் அதுதான் கைகொடுக்கும்.

கதவு பாதி வந்து நிற்கிறது, அல்லது திரும்பிப் போகிறது

அதிகம் வரும் புகார் இது. ஆர்மைக் கதவிலிருந்து கழற்றுங்கள். இப்போது மோட்டாருக்கும் கதவுக்கும் சம்பந்தமில்லை. கதவை ஒரு கையால், முனையில் பிடித்து மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். நல்ல கதவு ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே சீராகப் போகும், விட்ட இடத்தில் நிற்கும். நடுவில் கனத்தாலும், தானாக ஓடினாலும், கிறீச்சிட்டாலும் பழுதைப் பிடித்தாயிற்று.

கையளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் தராசை வைத்து அளப்பது நம்பகமானது. கதவின் முனையில் கொக்கியை மாட்டி, கதவுக்குச் செங்குத்தாக இழுங்கள். நகர ஆரம்பிக்கும்போது ஒரு எண், நகர்ந்துகொண்டிருக்கும்போது ஒரு எண். சாதாரண வீட்டுக் கதவுக்கு 3 கிலோவுக்குள் வந்தால் பிரச்சினை இல்லை. 5 கிலோவைத் தாண்டினால் மோட்டாரைத் தொடாமல் கீலைப் பாருங்கள். திறக்கும் பாதையில் நான்கைந்து இடத்தில் அளந்து சாக்கட்டியால் தரையில் எழுதிவையுங்கள். எந்த இடத்தில் எண் ஏறுகிறதோ, பெரும்பாலும் அதே இடத்தில்தான் மோட்டாரும் நிற்கும்.

கதவு ஏன் கனக்கிறது? முதல் காரணம் தூண். பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தான் பக்கம் மண் இளக்கமானது. ஊர் நடுவில் 1885-இல் கட்டிய கோபுரமே அதனால்தான் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. கேட் தூணுக்கும் அதே மண்தான். வெறும் செங்கல் தூணில் கனமான கதவை மாட்டி, போதாததற்கு மோட்டார் வேறு தினமும் பத்துத் தடவை அதை உதைத்துக்கொண்டிருந்தால் தூண் அசையும். 5 அடித் தூண் உச்சியில் 10 மில்லிமீட்டர் உள்பக்கமாகச் சாய்ந்தால், அதில் தொங்கும் 6 அடிக் கதவின் முனை 12 மில்லிமீட்டர் இறங்கிவிடும். கீழே இருந்த இடைவெளி போய்க் கதவு தரையைத் தேய்க்கும். தூண் உள்ளே சாயாமல் ரோட்டுப் பக்கமோ வீட்டுப் பக்கமோ சாய்ந்திருந்தால் கதவு தேய்க்காது, ஆனால் தானாகவே ஒரு பக்கம் ஓடப் பார்க்கும். ரசமட்டத்தைத் தூணின் இரண்டு முகத்திலும் வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

சாய்வு கொஞ்சமாக இருந்து, இப்போது நின்றுவிட்டது என்றால், கீலை நகர்த்திச் சமாளிக்கலாம். மேல் கீலை நட்டு தளர்த்தித் தூண் பக்கம் இழுத்தால் முனை மேலே ஏறும். வெல்டிங் செய்த கீலென்றால் அறுத்து மறுபடி வைக்க வேண்டும். ஆனால் சாக்கட்டிக் கோடு போட்டு ஒரு மாதம் கழித்துப் பார்க்கும்போது சாய்வு வளர்ந்திருந்தால், கீலில் செய்யும் வேலையெல்லாம் வீண். தூணுக்குள் இரும்புக் கம்பத்தை இறக்கி, அஸ்திவாரத்தை அகலப்படுத்தி, இரண்டு தூணையும் தரைக்குக் கீழே கொங்கிரீட் பீம் ஒன்றால் இணைத்தால்தான் நிற்கும். அந்த பீம் இருக்கும் கேட்டில் தூண்கள் ஒன்றை நோக்கி ஒன்று சாய இடமே இல்லை. புதிதாகக் கட்டுகிறவர்கள் மோட்டாருக்கு முன்னால் இதற்குச் செலவு செய்யுங்கள்.

இரண்டாவது காரணம் கீலே. உள்ளே துரு ஏறியிருக்கும், அல்லது பேரிங் உடைந்திருக்கும். கிரீஸ் அடிக்கும் முலை இருந்தால், பழைய கறுப்பு கிரீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை புதுசை அடியுங்கள். முலை இல்லையென்றால் கதவைக் கடப்பாரையால் ஒரு விரல்கடை தூக்கி, இடைவெளியில் கிரீஸ் வையுங்கள். துரு இளக்கும் எண்ணெயை மட்டும் பீச்சிவிட்டுப் போனால் இரண்டு மழைக்குள் பழையபடி ஆகும். அது துருவை இளக்கும், கீலைக் காக்காது.

மூன்றாவது காற்று. சாயங்கால மழைக்கு முன் ஒரு காற்று அடிக்குமே, அப்போது மட்டும் கேட் நின்றால் குற்றம் கதவின் வடிவத்தில் இருக்கிறது. இடைவெளியே இல்லாமல் தகடு அடைத்த கதவு பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். நடுவில் இரண்டு மூன்று தகடுகளைக் கழற்றி இடைவெளி விட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

இதையெல்லாம் பார்த்த பிறகுதான் போர்டில் இருக்கும் ‘ஃபோர்ஸ்’ திருகைத் தொட வேண்டும். அதைக் கூட்டினால் நிற்கிற கேட் ஓடிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் திருகு எதற்கு இருக்கிறது? கதவுக்கும் தூணுக்கும் இடையில் ஒரு குழந்தை மாட்டினால் நிற்பதற்கு. கடைசி வரை திருகிவைத்த கேட் நிற்காது. சரியான அளவு கண்டுபிடிக்க, குறைந்த இடத்திலிருந்து ஆரம்பித்து, கதவு முழுதும் ஓடும்வரை சிறிது சிறிதாகக் கூட்டி, அதற்கு மேல் ஒரு துளி மட்டும் விடுங்கள். பிறகு கதவு மூடும்போது முனையில் கையால் தடுத்துப் பாருங்கள். நீங்கள் சாயாமல் நின்ற இடத்திலேயே அது நிற்க வேண்டும்.

ஒன்றுமே நடக்கவில்லை

போர்டு மூடியைத் திறந்தால் சின்ன விளக்கு எரிகிறதா? எரிகிறது என்றால் மின்சாரம் வருகிறது, ரிமோட் பகுதிக்குப் போங்கள். எரியவில்லை என்றால் பிளக்கிலிருந்து வரிசையாக வாருங்கள்: இ.எல்.சி.பி. (கரண்டு கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்திருக்கிறதா, அதே பிளக்கில் வேறு ஒரு விளக்கு எரிகிறதா, பிளக்குக்குள் இருக்கும் பியூஸ் நல்லதா, டிரான்ஸ்பார்மரின் மறுபக்கம் மீட்டரை ஏசியில் வைத்தால் அதன் மேல் எழுதிய வோல்ட் வருகிறதா, போர்டு பியூஸ் நல்லதா. பியூஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கழற்றி மீட்டரில் வையுங்கள். போர்டு பியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் போடுங்கள். மறுபடியும் போனால் மோட்டார் வயர்களைக் கழற்றிவிட்டு மூன்றாவது பியூஸ் போடுங்கள். இப்போது பியூஸ் போகாமல் இருந்தால் பழுது தூண் பக்கம்.

இ.எல்.சி.பி. மழை நாளில் மட்டும் விழுந்தால் 230 வோல்ட் பக்கத்தில் எங்கோ தண்ணீர் போகிறது. அது வயர்மேன் வேலை. அவர் வரும்வரை பிளக்கைப் பிடுங்கியே வையுங்கள்.

பெட்டியைத் திறக்கும்போது எறும்பும் பல்லியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிரான்ஸ்பார்மரின் சூட்டுக்கு எறும்பு முட்டையோடு குடிவரும். மோட்டாருக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் சின்னச் சுவிட்சான ரிலேயின் இரண்டு காலுக்கு நடுவே செத்த பல்லி ஒட்டிக்கொண்டால் ஷார்ட் ஆகும். கரண்டைத் துண்டித்துவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பூச்சி மருந்தைப் போர்டு மேல் பீச்சக் கூடாது, அது எரியக்கூடிய திரவம், பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். வயர் நுழையும் ஓட்டைகள் பெட்டியின் அடிப்பக்கம் இருக்க வேண்டும், அவற்றைச் சிலிக்கானால் அடையுங்கள். நீர் வடிய ஒரு சின்ன ஓட்டை விட்டு அதில் கொசுவலைத் துண்டை ஒட்டுங்கள்.

டக் டக் என்று ரிலே அடிக்கிறது, கதவு அசையவில்லை

ரிலே மூடுகிறது, மோட்டார் இழுக்கப் பார்க்கிறது, வோல்ட் சரிந்து ரிலே விட்டுவிடுகிறது, வோல்ட் மறுபடி ஏறுகிறது, திரும்பவும் அதே கதை. பெரும்பாலும் பேட்டரி செத்திருக்கும், இல்லையென்றால் வயர் மெலிந்தது.

பேட்டரிக்கு மீட்டரை டிசியில் வைத்து, ரிமோட்டை அழுத்தும்போது எண்ணைக் கவனியுங்கள். 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.7 காட்டி, மோட்டார் இழுக்கும்போது 10.5-க்குக் கீழே விழுந்தால் அதன் காலம் முடிந்தது. சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணை மட்டும் பார்த்து ‘பேட்டரி நல்லா இருக்கு’ என்று பலரும் ஏமாந்துபோவது இங்கேதான்.

பேட்டரி 12-க்கு மேலேயே நிற்கிறது, ஆனாலும் கதவு திணறுகிறது என்றால் மீட்டரை மோட்டாரின் வயர் முனைக்குக் கொண்டுபோங்கள். வயர் தின்னும் வோல்ட்டைக் கணக்குப் பார்ப்போம். போர்டிலிருந்து தூணுக்கு 8 மீட்டர், போக வர 16 மீட்டர். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்றால் அதற்கு 0.4 ஓம் தடை. மோட்டார் சீராக ஓடும்போது 4 ஆம்பியர் எடுத்தால் 1.6 வோல்ட் வயரிலேயே போகும். கிளம்பும் நொடியில் 10 ஆம்பியர் எடுத்தால் 4 வோல்ட் போகும். 12-இல் மிச்சம் 8. கிளம்பத்தான் அதிக பலம் வேண்டும், அப்போதுதான் கிடைக்கவில்லை. அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் கிளம்பும்போது 1.2 வோல்ட்தான் இழப்பு. பெட்டியோடு வரும் வயரைவிட ஹார்டுவேர் கடையில் தடித்த வயர் வாங்கிப் போடுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

வயர் தடித்தே இருக்கிறது என்றால் ஒட்டுகளைப் பாருங்கள். மண்ணுக்குள் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு ஓராண்டில் பச்சைக் களிம்பு ஏறி நிற்கும். நிலத்துக்கு அடியில் ஒட்டே இருக்கக் கூடாது. ஒட்ட வேண்டியிருந்தால் தரைக்கு மேலே, தூணில் ஒரு பெட்டி வைத்து அதற்குள் ஒட்டுங்கள்.

ஒரு கதவு ஓடுகிறது, மற்றது செத்துக் கிடக்கிறது

இதுதான் கண்டுபிடிக்க எளிதான பழுது. போர்டில் இரண்டு மோட்டார் வயர்களையும் இடம் மாற்றிப் போடுங்கள். இரண்டு ஆர்மும் கதவிலிருந்து கழன்றிருக்கட்டும், ஏனென்றால் கதவு எங்கே நிற்க வேண்டும் என்ற எல்லைக் கணக்கு மாறிப்போயிருக்கும். செத்த மோட்டார் இப்போது ஓடினால் போர்டின் அந்தப் பக்க ரிலே பழுது. அப்போதும் ஓடவில்லை என்றால் பழுது வயரிலோ மோட்டாரிலோ.

அடுத்து பியூஸ் கோத்த வயர் இரண்டால் மோட்டாருக்கு நேராகப் பேட்டரியைக் காட்டுங்கள், 12 வோல்ட் மோட்டாருக்கு ஒன்று, 24-க்கு இரண்டு பேட்டரி தொடராக. ஓரிரு நொடிதான், ஆர்ம் யார் மேலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடினால் வயர்தான் குற்றவாளி. ஓடவில்லை என்றால் மோட்டார் உடம்பை மரப்பிடியால் லேசாகத் தட்டிக்கொண்டே மறுபடி காட்டுங்கள். தட்டினால் ஓடும் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. மோட்டார் கடையில் அளவுக்கு ஏற்ற பிரஷ் தேய்த்துப் போட்டுத் தருவார்கள், முழு மோட்டாரும் வாங்க வேண்டாம்.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, ஆர்ம் மட்டும் திரும்பவில்லை என்றால் விடுவிக்கும் பூட்டு சரியாக விழவில்லை, அல்லது கியர் பல் போயிருக்கிறது. முதலில் சாவியைப் போட்டு மறுபடி பூட்டிப் பாருங்கள்.

திறக்கிறது, மூட மறுக்கிறது

ஏறக்குறைய எப்போதும் பீம் சென்சார்தான், அதாவது இரண்டு தூணிலும் எதிரெதிரே இருக்கும் கண்கள்: ஒன்று கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும், மற்றது வாங்கும். இரண்டு கண்ணுக்கு நடுவில் ஏதோ நிற்கிறது என்று போர்டு நினைக்கிறது. சிலந்தி வலை, செம்பனை ஏற்றிப்போகும் லோரி வாரியடித்த சேறு, கண்ணாடிக்குள் கோத்த ஈரம். துடையுங்கள். விசேஷ நாளில் மட்டும் இந்தப் பழுது வருகிறதா? தூணில் கட்டிய வாழைமரத்தின் இலையோ மாவிலைத் தோரணமோ பீமின் குறுக்கே ஆடிக்கொண்டிருக்கும். வாழைமரத்தைத் தூணின் ரோட்டுப் பக்கமாக, ஆர்ம் விரியும் இடத்தையும் விட்டு விலக்கிக் கட்டுங்கள்.

வடக்கு அல்லது தெற்கு பார்த்த வீடுகளில் சாயங்காலம் 6 மணிக்கு மேல் மட்டும் கேட் மூடாமல் நின்றால், சாய்ந்த வெயில் வாங்கும் கண்ணுக்குள் நேராக விழுகிறது. அனுப்பும் கண்ணையும் வாங்கும் கண்ணையும் தூண் மாற்றிப் பொருத்தினால் தீர்ந்தது.

சென்சார்தானா என்று உறுதி செய்ய, போர்டில் அதன் வயரைக் கழற்றி அந்த இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். பெரும்பாலான போர்டுகளில் அங்கே சும்மா இருக்கும்போது இணைந்திருக்கும் தொடர்புதான் தேவை. உங்கள் போர்டின் தாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இப்போது மூடினால் சென்சாரோ அதன் வயரோ பழுது. சோதனை முடிந்ததும் அந்தத் துண்டு வயரைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். ‘இப்படியே ஓடட்டும்’ என்று விட்ட கேட், குறுக்கே நிற்பது பிள்ளையா காரா என்று பார்க்காது.

பக்கத்தில் போனால்தான் ரிமோட் எடுக்கிறது

ரிமோட்டின் சின்ன 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றி அளந்து பாருங்கள், 10-க்குக் கீழே என்றால் மாற்றுங்கள். எல்லா ரிமோட்டும் ஒரே நாளில் தூரம் குறைந்தால் குற்றம் போர்டின் ஆன்டெனாவில். அது ஒரு சாதாரண வயர்தான், ஆனால் நீளம் முக்கியம்: 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டுக்கு 17 சென்டிமீட்டர், 330 மெகாஹெர்ட்ஸுக்கு 23 சென்டிமீட்டர். சுருட்டி இரும்புப் பெட்டிக்குள் அடைத்து வைத்திருந்தால் பாதி தூரம் போய்விடும். நேராக்கி வெளியே விடுங்கள். புதிதாகப் போர்ச்சில் மாட்டிய மலிவான எல்இடி விளக்கும் தொல்லை தரும். அதை அணைத்துவிட்டு அழுத்திப் பாருங்கள்.

புது ரிமோட் வாங்கும்போது மெகாஹெர்ட்ஸ் எண்ணைப் பார்க்காமல் உருவத்தைப் பார்த்து வாங்குவதால்தான் பலருக்கும் வேலை செய்வதில்லை. பழைய ரிமோட்டின் மூடியைத் திறந்து காட்டி வாங்குங்கள்.

ராத்திரியில் தானாகத் திறந்து கிடக்கிறது

வீட்டுக்குள் இருக்கும் அழுத்து பட்டனின் வயரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு இரண்டு இரவு பாருங்கள். திறக்கவில்லை என்றால் அந்த வயரில் தண்ணீர் புகுந்திருக்கிறது, அல்லது எறும்பு பட்டனுக்குள் கூடு கட்டியிருக்கிறது.

அப்போதும் திறந்தால் ரிமோட் குறியீடு. பழைய வகை ரிமோட்டுக்குள் கூட்டல், பூஜ்யம், கழித்தல் என்று நகர்த்தும் எட்டுச் சுவிட்ச் இருக்கும். மொத்தம் 6561 சேர்க்கை. ஆனால் கடையிலிருந்து வந்தபடியே எல்லாச் சுவிட்சும் ஒரே பக்கம் கிடந்தால், பக்கத்துத் தெருவிலும் அதே நிலையில் ஒரு ரிமோட் இருக்க வாய்ப்புண்டு. சுவிட்சுகளைக் கலைத்துப் போட்டு, போர்டின் நினைவை அழித்து, ரிமோட்டுகளை மறுபடி கற்றுக்கொடுங்கள். இந்த வகை ரிமோட்டை யாரும் சுலபமாகப் பிரதி எடுக்கலாம். வேலைக்காரர், வாடகைக்கு இருந்தவர் என்று ரிமோட் பல கை மாறியிருந்தால், அழுத்தும்தோறும் குறியீடு மாறும் ரோலிங் கோட் வகைக்குப் போவது நல்லது.

இரண்டு கதவும் ஒன்றோடு ஒன்று மோதுகின்றன

மேலே படியும் கதவு முதலில் திறந்து கடைசியில் மூட வேண்டும். வரிசை தலைகீழாக இருந்தால் இரண்டு மோட்டாரின் வயர்களையும் போர்டில் இடம் மாற்றுங்கள், எல்லை வயர் இருந்தால் அதையும் சேர்த்து. தாமதம் 3 நொடி வைத்தால் போதும். பிறகு இரண்டு கதவையும் மூடிய நிலையில் வைத்து ஓட்டத்தைப் புதிதாகக் கற்றுக்கொடுங்கள்.

தரையில் ஸ்டாப்பர் இல்லாத கேட்டுக்கு எந்த அமைப்பும் நிலைக்காது. மூடும் இடத்தில் ஒன்று, திறந்து நிற்கும் இடத்தில் ஒவ்வொரு கதவுக்கும் ஒன்று. அது இல்லையென்றால் கதவின் முழு உதையையும் ஆர்ம் தாங்கும், ஒரு நாள் ஆர்மைக் கதவோடு பிடித்திருக்கும் பிராக்கெட் வெல்டிங்கோடு பிய்ந்து வரும். ஏற்கெனவே பிய்ந்துவிட்டதா? அதே இடத்தில் மறுபடி வெல்டிங் வைக்காதீர்கள். மெல்லிய குழாயின் சுவர் தாங்காது. 5 மில்லிமீட்டர் தகடு ஒன்றைக் கதவுச் சட்டத்தின் இரண்டு குழாயைப் பிடிக்கும்படி வெல்டிங் செய்து, அதன் மேல் பிராக்கெட்டை வையுங்கள்.

கரண்டு போனால் கேட்டும் போகிறது

பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி. இரண்டு மோட்டாரும் சேர்ந்து 10 ஆம்பியர் எடுத்து 15 நொடி ஓடினால் செலவு 0.04 ஆம்பியர்-மணிதான். கேட்டைத் திறந்து மூடுவதால் பேட்டரி தீராது. போர்டும் சென்சாரும் சும்மா இருந்தபடி குடிக்கும் கரண்டுதான் அதை மெல்லத் தீர்க்கும். அது 50 மில்லி ஆம்பியர் என்றால்கூட நல்ல பேட்டரி ஐந்து நாள் தாங்க வேண்டும். ஒரு மணி நேர மின்தடையில் உங்கள் கேட் படுத்துவிட்டால் பேட்டரி தேய்ந்துவிட்டது, அல்லது சார்ஜ் ஏறவில்லை. கரண்டு இருக்கும்போது பேட்டரி முனையில் 13.5 முதல் 13.8 வோல்ட் இருக்க வேண்டும், 24 வோல்ட் அமைப்பில் அதன் இரு மடங்கு. 14.5-க்கு மேலேயே நிலையாக நின்றால் சார்ஜர் பேட்டரியைச் சுட்டுக்கொண்டிருக்கிறது, பேட்டரி உப்பியிருப்பதே அடையாளம். 24 வோல்ட் அமைப்பில் இரண்டு பேட்டரியையும் ஒன்றாகவே மாற்றுங்கள். பழசோடு புதுசைக் கோத்தால் பழசு புதுசையும் கெடுக்கும்.

இடி இடித்த மறுநாள்

மின்னல் கேட் மேல் நேராக விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே தூணுக்குப் போகும் நீண்ட வயரில் திடீரென்று அதிக வோல்ட் (சர்ஜ்) ஏறி போர்டுக்கு வந்துவிடும். மின்சாரம் நுழையும் இடத்தில் வட்டமாக, நீல நிறத்தில் ஒரு வில்லை இருக்கும், அதுதான் வாரிஸ்டர். அது வெடித்துக் கருகியிருந்தால் மற்றதைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கலாம். வாரிஸ்டரையும் பியூஸையும் மாற்றினால் உயிர் வரும் போர்டுகள் உண்டு. எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் கடையில் காட்டாமல் புதுசு வாங்காதீர்கள். நடுவில் இருக்கும் சிப் கருகியிருந்தால் மட்டும் மாற்றுங்கள். மீட்டர் பெட்டிப் பக்கம் சர்ஜ் பாதுகாப்பு வைக்க வயர்மேனிடம் கேளுங்கள். ஊருக்குப் போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள். பேட்டரி தாங்கும் ஐந்து நாளுக்கு மேல் ஆகும் என்றால் ஆர்மைப் பூட்டிய நிலையிலேயே விட்டு, கதவில் பூட்டும் போடுங்கள்.

பழைய போர்டைக் கழற்றும் முன் ஒவ்வொரு வயரிலும் வெள்ளை டேப் ஒட்டி, எங்கே இருந்தது என்று எழுதுங்கள். படமும் எடுங்கள். பழைய போர்டில் மோட்டார் வயர் இருந்த இடத்தில் புதுப் போர்டில் மின்சாரம் வரலாம். நிறத்தை நம்பி மாட்டியதால் முதல் நிமிடத்திலேயே புகைந்த புதுப் போர்டுகள் உண்டு.

ஸ்லைடிங் கேட் கடகடக்கிறது

தண்டவாளத்தைக் கூட்டுங்கள். செம்மண்ணும் சரளைக் கல்லும் அதில் இறுகியிருக்கும். பிறகு பல் பட்டைக்கும் மோட்டாரின் பல் சக்கரத்துக்கும் இடைவெளியைப் பாருங்கள், 1 முதல் 2 மில்லிமீட்டர் வேண்டும். கேட்டின் முழு நீளத்துக்கும் கையால் நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் கேட் கனம் சக்கரத்தின் மேல் ஏறினால் மோட்டார் பேரிங் போய்விடும். பட்டைத் துண்டுகள் சேரும் இடத்தில் கடகடத்தால் அங்கே பல் கணக்கு தவறியிருக்கிறது. கையில் மிச்சமிருக்கும் ஒரு துண்டைத் தலைகீழாகப் பிடித்து, சேரும் இடத்தின் அடியில் பல்லோடு பல் பொருத்திப் பிடித்துக்கொண்டு திருகை முடுக்குங்கள். இடைவெளி தானாகச் சரியாகிவிடும்.

இந்த வகையில் ஒன்றில் மட்டும் சமரசம் வேண்டாம். மோட்டாரைக் கழற்றிவிட்டு, கேட்டைக் கையால் இரண்டு கோடிக்கும் வேகமாகத் தள்ளுங்கள். இரண்டு கோடியிலும் கொங்கிரீட்டில் ஊன்றிய இரும்பு ஸ்டாப்பரில் அது மோதி நிற்க வேண்டும். கோடி வந்ததும் மோட்டாரை நிறுத்தும் எல்லைச் சுவிட்சை நம்பி ஸ்டாப்பர் வைக்காத கேட், அந்தச் சுவிட்சு பழுதான அன்று தண்டவாளத்தை விட்டு வெளியே போய், மேல் ரோலரிலிருந்தும் நழுவிச் சாய்ந்துவிடும். 300 கிலோ இரும்பு சாயும்போது யாரும் கையால் பிடித்து நிறுத்த முடியாது. ஸ்டாப்பர் இல்லாத ஸ்லைடிங் கேட் உங்கள் வீட்டில் இருந்தால், அது வைக்கும்வரை மோட்டார் பிளக்கைப் போடாதீர்கள், பிள்ளைகளை அதன் பக்கம் விளையாட விடாதீர்கள்.